குதிரைக்குப் பல் பார்த்த காலம்

குதிரை வாங்குகிறவர் முதலில் அதன் வாயைத் திறந்து பார்ப்பது 2,300 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம். கிரேக்கரான செனஃபோன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் எழுதிய குதிரையேற்றக் கையேட்டில், வாங்குமுன் வயதைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார். பல்லில் அடையாளம் அழிந்துபோன குதிரையை நம்பி எதையும் திட்டமிட முடியாது, திருப்பி விற்பதும் சுலபமில்லை என்பது அவர் கணக்கு. கன்று பிறந்த நாளை யாரும் எழுதிவைக்காத காலத்தில், விற்பவரின் வாய்ச்சொல்லைச் சரிபார்க்கக் குதிரையின் வாயை விட்டால் வேறு சான்று இல்லை.

அந்தச் சான்றைத் தருவது புல். கைக்கு மென்மையாகத் தெரிந்தாலும் புல்லிதழுக்குள் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இருக்கின்றன. தரையை ஒட்டி மேயும்போது மண்ணும் சேர்ந்து வாய்க்குள் போகிறது. இரண்டும் பல்லை ஓயாமல் அரைக்கின்றன. இதற்கு ஈடுகொடுக்கவே குதிரையின் கடைவாய்ப் பல் மிக உயரமாக அமைந்திருக்கிறது. இளங்குதிரையில் அது 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருக்கும். பெரும்பகுதி தாடைக்குள் மறைந்திருக்கும். ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் தேயத் தேய, அதே அளவு உள்ளிருந்து மேலே வரும். எனாமல், டென்டைன், சிமென்ட் என்ற மூன்று பொருள்களும் பல்லில் மடிப்பு மடிப்பாகக் கலந்திருக்கின்றன. மென்மையானவை முந்தித் தேய, கடினமான எனாமல் வரப்பாக எழுந்து நிற்கும். அம்மியை அவ்வப்போது கொத்த வேண்டும். குதிரையின் பல் தேய்மானத்தாலேயே சொரசொரப்பைக் காத்துக்கொள்கிறது.

சந்தையில் நிற்பவருக்குக் கடைவாய் எட்டாது. அவர் பார்த்தது முன்பற்களை: மேலே ஆறு, கீழே ஆறு. பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வருவதில் ஓர் ஒழுங்கு உண்டு. நடு இணை இரண்டரை வயதிலும், அடுத்த இணை மூன்றரையிலும், ஓர இணை நாலரையிலும் முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு தேய்மானத்தைத்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு முன்பல்லின் நுனியிலும் கறுத்த சிறு குழி ஒன்று இருக்கும். அதைச் சுற்றி வெள்ளை எனாமல் வளையம். கீழ்த்தாடையின் நடுப்பற்களில் ஏறத்தாழ 6 வயதிலும், அடுத்தவற்றில் 7-லும், ஓரப்பற்களில் 8-லும் அந்தக் குழி மறையும். பிறகு, நீள்வட்டமாக இருந்த மேல்பரப்பு வட்டமாகி, முதுமையில் முக்கோணமாகும். பக்கவாட்டில் பார்த்தால் பற்கள் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும்.

ரோமானியரான வர்ரோ கி.மு. 37-இல் எழுதிய வேளாண் நூலில் பல் விழும் வரிசை தெளிவாகவே இருக்கிறது. வாய் நிறைந்த பிறகு வயது சொல்வது கடினம் என்றும், பல் துருத்தி, புருவம் நரைத்து, அதன் கீழ் குழி விழுந்தால் 16 வயது என்று சொல்வார்கள் என்றும் எழுதுகிறார். சமஸ்கிருத நூலான சுக்கிரநீதி பல்லின் நிறமாற்றத்தைக் கொண்டு குதிரைக்கு வயது கணிக்கிறது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. கீழே உள்ள எட்டைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டுச் சந்தைகளில் இன்றும் ‘ரெண்டு பல்லு’, ‘நாலு பல்லு’ என்று விலை பேசுகிறார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழியும் அங்கிருந்து வந்ததே.

விலையைப் பல் தீர்மானித்தபோது பல்லிலேயே மோசடியும் நுழைந்தது. இங்கிலாந்தில் இதற்கு ‘பிஷப்பிங்’ என்று பெயர். கிழட்டுக் குதிரையின் தேய்ந்த முன்பல்லில் செதுக்குளியால் குழி தோண்டி, காய்ச்சிய இரும்பால் சுட்டுக் கறுப்பாக்குவார்கள். பத்து வயது கடந்த குதிரை ஏழு வயதாக விலைபோகும். ஆனால் குழியைத் தோண்டலாமே தவிர, அதைச் சுற்றிய எனாமல் வளையத்தைச் செய்ய முடியாது. முக்கோணமாகிவிட்ட பரப்பை நீள்வட்டமாக்கவும் முடியாது. விவரமறிந்தவர்கள் இதில்தான் பிடித்தார்கள். எதிர்த்திசையிலும் ஏமாற்று நடந்தது: மூன்று வயதுக் குதிரையின் பால்பல்லை முன்கூட்டியே பிடுங்கி, நாலு வயதாகக் காட்டுவார்கள்.

இந்த வரலாற்றிலேயே பெரிய வழக்கு 1844-ஆம் ஆண்டின் எப்சம் டெர்பி. மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம் என்ற அந்தப் பந்தயத்தில் ‘ரன்னிங் ரைன்’ முதலில் வந்தது. உண்மையில் அது ‘மக்காபியஸ்’ என்ற நாலு வயதுக் குதிரை. அந்த வயதில் ஓராண்டு வித்தியாசம் என்பது உடல் வலிமையில் பெரிய வித்தியாசம். பந்தயத்துக்கு முன்பே புகார் எழுந்தும், ஓடட்டும், வென்றால் விசாரிக்கலாம் என்று நடத்துநர்கள் விட்டுவிட்டார்கள். இரண்டாவதாக வந்த ‘ஆர்லாண்டோ’வின் உரிமையாளர் கர்னல் பீல், அப்போதைய பிரதமரின் தம்பி. வழக்கு ஜூலையில் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆல்டர்சன் குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். மே மாதத்தில் மூன்று வயதுக் குதிரைக்கு நடு இணை மட்டுமே நிலைப்பல்லாக இருக்கும். நாலு வயதுக்கு இரண்டாம் இணையும் வந்திருக்கும். வாயைத் திறந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். குதிரைதான் வரவில்லை, அதை எங்கோ ஒளித்துவிட்டார்கள். வாதியான ரன்னிங் ரைன் தரப்பு வழக்கைக் கைவிட, ஆர்லாண்டோ வென்றதாக அறிவிக்கப்பட்டது. அதே பந்தயத்தில் கால் முறிந்து கொல்லப்பட்ட ‘லியாண்டர்’ என்ற குதிரையின் தாடையைச் சோதித்தபோது, அதுவும் நாலு வயது என்று தெரிந்தது கூடுதல் வேடிக்கை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முரட்டுக் குதிரைகளைப் பழக்குவதில் பேர்பெற்ற சிட்னி கால்வெய்ன், முதிய குதிரைக்கும் ஓர் அளவுகோல் கொடுத்தார். மேல்தாடை ஓரப்பல்லில் ஒரு பள்ளக்கோடு 10 வயதில் ஈறருகே தோன்றி, 15-இல் பாதிப் பல்லுக்கு இறங்கி, 20-இல் முழுப் பல்லையும் கடந்து, 30-இல் மறையும் என்பது அவர் விதி. பாடநூல்களில் அது நிலைத்துவிட்டது. நடைமுறை அவ்வளவு ஒழுங்காக இல்லை. 1990-களில் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல இனங்களை ஒப்பிட்டபோது, அரபுக் குதிரையின் பல் பெல்ஜிய வண்டிக்குதிரையின் பல்லைவிட மெதுவாகத் தேய்வதைக் கண்டார்கள். மணல்நிலத்தில் மேய்வதும், கொட்டகைக் கட்டையைக் கடிக்கும் பழக்கமும் கணக்கை இன்னும் குலைக்கும். ஆகவே ஐந்து வயது வரை திட்டமாகச் சொல்லும் கால்நடை மருத்துவர்கள், அதற்கு மேல் தோராயமாகவே சொல்கிறார்கள். பந்தயக் குதிரைகளுக்குக் கழுத்தில் பதிக்கும் மைக்ரோசிப்பும் பதிவுப் புத்தகமும் வந்துவிட்டன. பதிவில்லாத குதிரை கைமாறும்போது இன்றும் உதட்டைத் தூக்கித்தான் பார்க்கிறார்கள்.