சூழ்ச்சி: தாழ்ந்துபோன ஒரு சொல்

சாத்தூர்ப் பக்கம் ஒருவரைச் ‘சூழ்ச்சிக்காரன்’ என்றால் அது வசை. அந்தச் சொல்லுக்காக எனக்கு வருத்தம் உண்டு. ‘சூழ்தல்’ என்றால் வளைத்தல். ஒரு காரியத்தை எல்லாப் பக்கமும் வளைத்து எண்ணிப் பார்ப்பதே சூழ்ச்சி. வினைசெயல்வகை அதிகாரத்தை வள்ளுவர் தொடங்குவதே இந்தச் சொல்லால்தான். அங்கே அதற்குப் பொருள் ஆலோசனை. மன்னனுக்குக் கண்ணாக இருப்பவர்களைச் ‘சூழ்வார்’ என்கிறார். கம்பராமாயணத்திலோ மந்திரப் படலத்தை அடுத்து வருவது மந்தரை சூழ்ச்சிப் படலம். தசரதன் அவையில் நடந்தது மந்திரம், கூனி செய்தது சூழ்ச்சி! நல்ல பொருளை வடசொல் வாங்கிக்கொண்டது. பழி தமிழ்ச்சொல்லுக்கு மிஞ்சியது.

பழைய பொருளில் ஒரு சூழ்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் 1801க்குப் போக வேண்டும். பாளையங்கோட்டைச் சிறையில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும். உள்ளே அம்மை கண்டதால் விலங்குகளைக் கழற்றியிருந்தார்கள். பிப்ரவரி 2 மாலை, ஆடைக்குள் ஆயுதம் மறைத்து மாறுவேடத்தில் ஆட்கள் கோட்டைக்குள் வந்தனர். அவர்கள் விறகு விற்பவர்களாக வந்ததாக ஊர் வழக்கு. விடிவதற்குள் கைதிகள் பாஞ்சாலங்குறிச்சியில். தரைமட்டமாக்கப்பட்டிருந்த அவ்வூர்க் கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்தது.

மே 24 அன்று அந்தக் கோட்டை விழுந்தது. பிணங்களுக்கிடையே மகனைத் தேடிவந்த ஒரு தாய், அவன் சொல்கேட்டு, குற்றுயிராய்க் கிடந்த ஊமைத்துரையைத் தூக்கிச்செல்லத் துணிந்தாள். கிழக்கிந்தியக் கும்பினிக்குத் துணைநின்ற எட்டயபுரத்துப் படையாட்கள் நெருங்கியபோது, உடனிருந்த பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள்: அம்மையில் செத்த பிள்ளை! வந்தவர்கள் விலகிப் போனார்கள். போரில் எதிர்ப்பக்கம் நின்ற அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதிவைத்தார். சாத்தூரை அடுத்த இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிடும் நமக்கு அந்தப் பெண்களின் கணக்கு விளங்கும். வேப்பிலை செருகிய வாசலை வேற்றாள் மிதிக்க மாட்டான். கையில் ஆயுதமில்லாதவர்கள், எதிரியின் அச்சத்தை நொடியில் எண்ணி எடுத்த முடிவு அது. வள்ளுவர் சொன்ன சூழ்ச்சி இதுவே.

பிழைத்தெழுந்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்டார். அவரைக் கும்பினி தூக்கிலிட்டது 1801 நவம்பர் 16 அன்று.