மழை வகுத்த மாளிகை



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், திருநெல்வேலியிலிருந்து மாணவர் சிலரைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றேன். வாயிலைக் கடந்ததும் ஒரு சிறுவன், "ஐயா, இதுவா அரண்மனை? வீடு போலத் தாழ்வாக இருக்கிறதே!" என்றான். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்களைக் கண்டிருந்தவன் அவன். அன்று எனக்குத் தக்க விடை தோன்றவில்லை. இன்று கூறுகிறேன்.

வேளிமலை அடிவாரத்தில் உள்ள இவ்வூரின் பழம்பெயர் கல்குளம். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் இம்மாளிகையை விரிவாகத் திருத்திக் கட்டினார். 1741-இல் குளச்சலில் ஒல்லாந்தரை வென்றவர் அவரே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. 1956 நவம்பர் 1-இல் இப்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எனினும் அரண்மனையைப் பேணுவது கேரள அரசின் தொல்லியல் துறையே.

இதன் வடிவை வகுத்தது மழை. தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்குப் பொதிகையின் மழை பெரும்பாலும் ஆற்றின் வழியே வந்து சேருகிறது. மலையின் அப்புறத்தாருக்கோ அது நேரே கூரைமீது கொட்டுகிறது. ஆகவே நம் வீடுகளில் மட்டமான தட்டட்டி. அங்கே செங்குத்தாகச் சரிந்த ஓட்டுக்கூரை. சுவரை நனையாமல் காக்க இறவாரம் தாழ இறங்குகிறது. சிறுவனுக்குத் தாழ்வாகத் தோன்றியது அதுவே. மந்திரசாலையின் மரச்சட்டங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. கரிய தரையோ கண்ணாடி போல் மின்னுகிறது. சுண்ணாம்போடு சுட்ட சிரட்டைக்கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்தது என்பர்.

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளை நோக்குங்கள். அங்கே அறைதோறும் கணப்பு, கூரைமேல் புகைபோக்கிகள், மங்கிய வெயிலை வரவேற்கப் பெரிய கண்ணாடிச் சாளரங்கள். அவற்றை வகுத்தது குளிர். பத்மநாபபுரத்திலும், விருந்தினருக்கென அமைத்த இந்திர விலாசத்தில் மட்டும் கதவுகளும் விதானமும் உயர்ந்து, மேனாட்டு முறையைக் காட்டுகின்றன. அதனின்று தாய்க்கொட்டாரத்திற்கு நடந்து வந்தால், இரண்டு நாடுகளின் வானிலையை ஒரே வளாகத்தில் காணலாம்.

இவ்வளவையும் நான் காலந்தாழ்த்தியே அறிந்தேன். எங்கள் பூர்வீக வீட்டில் தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, முற்றம் எல்லாம் இருந்தன. இருட்டு வீடு என்று வெறுத்து, நானே அதனை இடித்துப் புதுவீடு கட்டினேன். சித்திரை மாதத்து நண்பகலில் அப்புதுவீட்டினுள் அமர்ந்தபோதுதான், அந்த இருட்டு எங்களுக்கு நிழலாக இருந்தது என்று உணர்ந்தேன். அதன் வரைபடம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அரண்மனையைக் காக்க அரசு இருக்கிறது. உங்கள் பாட்டனார் வீட்டைக் காக்க யார் இருக்கிறார்? வருகிற விடுமுறையில் ஓர் அளவுநாடாவும் தாளும் எடுத்துச் சென்று, அதன் கட்டுகளை அளந்து வரைந்து வையுங்கள். ஒவ்வொரு சாளரத்தையும் அந்த இடத்தில் ஏன் வைத்தார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். வீடு நிற்கும்போதே கேளுங்கள்.