நகலெடுத்த கட்டைவிரல்

கறுப்பர்கள் கற்று வாசிப்பதில்லை, அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது: ஜாஸ் பற்றிய வெள்ளைச் சொல்லாடலில் வெகுகாலமாகப் புழங்கிவந்த கட்டுக்கதை இது. கேட்க என்னவோ பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் உழைப்பை மறைக்கிற வேலை இது என்றே நான் வாசிக்கிறேன்.

கிதாரையே எடுத்துக்கொள்வோம். 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், பின்னணியில் தாளம் தட்டிக்கொண்டிருந்த அந்த வாத்தியத்தை மின்சாரத்தின் துணையோடு சாக்ஸஃபோனுக்குச் சமமாகப் பேசவைத்தார். 1942 மார்ச்சில் காசநோயில் செத்துப்போனார். வயது 25. அவர் 1941இல் பதிவுசெய்த ‘சோலோ ஃப்ளைட்’ இசைத்தட்டு இண்டியானாபோலிஸ் நகரத் தொழிலாளி வெஸ் மாண்ட்கோமெரியிடம் வந்து சேர்ந்தது. இவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. தட்டுதான் வாத்தியார். ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். பிடிபடாவிட்டால் ஊசியைத் தூக்கி மறுபடி வைக்க வேண்டியதுதான். கிளப்பில் கிடைத்த முதல் வேலையே கிறிஸ்டியனின் தனிவாசிப்புகளை அப்படியே வாசித்துக்காட்டுவது. அவை தீர்ந்தால் இறங்கிவிட வேண்டியதுதான்.

சுத்த நகல் என்று ஒதுக்கிவிடலாமா? கிறிஸ்டியனின் வரிகளிலேயே லெஸ்டர் யங்கின் சாக்ஸஃபோன் கேட்கிறதே, மூலம் என்று எதைச் சொல்வது? பகலெல்லாம் வேலை, ராத்திரிதான் பயிற்சி. பக்கத்து வீட்டார் சத்தம் தாங்காமல் புகார் செய்ய, மாண்ட்கோமெரி பிக்கைப் போட்டுவிட்டுக் கட்டைவிரலால் மீட்டத் தொடங்கினார். 1960இல் வெளிவந்த ‘தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிதார்’ தட்டில் உலகம் வியந்த அந்த மெத்தென்ற நாதம் இப்படிப் பிறந்ததுதான். அந்த வித்தியாசத்தை உண்டாக்கியதில் மேதைமைக்கு மட்டுமல்ல, வேலைநேரத்துக்கும் அண்டைவீட்டுத் தூக்கத்துக்கும் பங்குண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 1942 ஆகஸ்டில் ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்தியது. பெரிய கம்பெனிகளில் சில 1944இல்தான் இறங்கிவந்தன. ஜூக்பாக்ஸும் தட்டும் வாசிப்பவரின் சோற்றைப் பிடுங்குகின்றன என்றது சங்கம். தப்பே இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் கிடைக்காதவனுக்கு அதே தட்டுதான் பள்ளிக்கூடம். மார்க்ஸ் சொன்ன செத்த உழைப்பு, உயிருள்ள உழைப்பை உறிஞ்சிக்கொண்டே அதற்குக் கற்றும் கொடுத்திருக்கிறது.

சட்டம் யார் பக்கம்? எழுதிப் பதிந்த மெட்டுக்குப் பதிப்புரிமை உண்டு. ஒலிப்பதிவுகளுக்கோ 1972 வரை அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இடமே இல்லை. அந்தந்தக் கணத்தில் கட்டி வாசித்தவருக்குக் கூலி, மெட்டுக்காரருக்கு ராயல்டி. இந்த அநியாயத்தின் மறுபக்கமாகத்தான் தனிவாசிப்பு எவரும் எடுத்துக் கற்கக்கூடிய பொதுச்சொத்தாகப் புழங்கியது.

இன்று அந்த வாசிப்புகளெல்லாம் புத்தகமாகக் கிடைக்கின்றன; இசைக் கல்லூரிகள் பாடமாக வைக்கின்றன. நல்லதுதான். ஆனால் தாளில் சுரம் இருக்கும், பக்கத்து வீட்டுப் புகார் இருக்காது. முன்னோரைப் படிப்பவர்கள் சுரத்தோடு சேர்த்து இந்தக் கூலிக்கணக்கையும் படிக்க வேண்டும் என்கிறேன். இல்லாவிட்டால் ‘ரத்தத்தில் ஊறியது’ என்ற பழைய பொய்யே பாடத்திட்டமாகத் திரும்பி வரும்.