தவணையை யார் குறிப்பது?

பால்வினை நோய்ப் பரிசோதனையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்துகொள்வது என்பதை இன்று ஒருவர் தம் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். 19ஆம் நூற்றாண்டின் சென்னை மாகாணத்தில் அதை முடிவு செய்தது அரசு. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் செய்வதாகக் கருதப்பட்ட பெண்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, குறித்த தவணையில் சோதனைக்கு வரவைத்தது. நோய் இருப்பதாகத் தோன்றினால் ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைத்தார்கள், வராவிட்டால் தண்டனை. அதே பெண்களிடம் வந்துபோன வெள்ளைச் சிப்பாய்களுக்கு அந்தச் சட்டத்தில் தவணையே கிடையாது. அவர்களைச் சோதிப்பது படையினரின் மானத்துக்கு இழுக்கு என்றார்கள். இருவருக்கிடையே பரவும் நோய்க்கு ஒருவரை மட்டும் எத்தனை முறை சோதித்து என்ன பயன்?

அந்தச் சோதனையும் வெறும் கண்பார்வைதான். வெட்டை நோயின் (கொனோரியா) கிருமியை நைசர் கண்டறிந்தது 1879இல். கிரந்திக்கு (சிபிலிஸ்) வாசர்மனின் ரத்தப் பரிசோதனை வந்தது 1906இல். வெட்டை நோய் பல பெண்களிடம் வெளியே எதையும் காட்டாது என்பதால், பதிவேட்டில் நலமென்று எழுதப்பட்டவர்களில் நோயாளிகளும் இருந்திருப்பார்கள். கட்டாயத்துக்கு அஞ்சிய பெண்கள் பதிவைத் தவிர்த்து ஒளிந்தார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்திலோ சோறு கிடைக்கும் என்று ஏழைப் பெண்கள் தாமாகவே லாக் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததை வரலாற்றாய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரிக் கணக்கை நோயின் கணக்காகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. 1888இல் சட்டம் நீக்கப்பட்ட பிறகு சிப்பாய்களிடையே நோய் பெருகியதே என்று கட்டாயத்தின் ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். 1895இல் ஆயிரம் வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைச் சேர்க்கைகள் பதிவானது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றம் சட்டம் நடப்பில் இருந்தபோதே தொடங்கிவிட்டது.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1986இல், மருத்துவப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலுக்காகப் பிடிபட்டுச் சென்னைக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். ஆறு பேரிடம் எச்.ஐ.வி. இருப்பது வேலூரில் தெரியவந்தது. நாட்டின் கண்ணைத் திறந்த ஆய்வு அது. ஆனாலும் தொற்றுள்ள பெண்களைக் காவலிலேயே வைத்திருக்கும் பழைய பழக்கம் பிறகும் தலைதூக்கியது. சம்மதமின்றிச் சோதிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்ல 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் வர வேண்டியிருந்தது. விருப்பத்துக்கு விட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பது வலுவான ஆட்சேபம். அதற்கான பதில் அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களான ‘நம்பிக்கை மைய’ங்களில் இருக்கிறது: கட்டணமில்லை, ஆலோசனை உண்டு, ரகசியம் காக்கப்படும். தொற்று அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை என்ற தேசியப் பரிந்துரையை நான் ஏற்கிறேன். அதிலும் புதிய உறவு, ஆணுறையின்றி நடந்த உறவு, இணைக்கு வந்த நோய் ஆகியவை நாட்காட்டியை முந்தும். தொற்றியவுடன் ரத்தம் காட்டிக்கொடுக்காது என்பதால், சில வாரம் கழித்து மீண்டும் சோதிக்கவும் வேண்டியிருக்கும். கணவனின் நடத்தை தெரியாத மனைவியோ தன் தவணையைத் தானே எடைபோட முடியாது. கர்ப்பகாலத்தில் அவளுக்கு எச்.ஐ.வி., கிரந்திப் பரிசோதனை நடக்கிறது. அவள் கணவனையும் அன்றே அழைத்துச் சோதிப்பது வழக்கமாக வேண்டும், அவனுடைய சம்மதத்தோடு.