சிகிச்சை முடிஞ்சு காலேஜுக்குத் திரும்புற நண்பனுக்கு நீங்க என்ன செய்யலாம்?

கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி வர்ற காலேஜ் பஸ். ஒரு செமஸ்டர் காணாமப்போன நண்பன், போதை சிகிச்சை முடிச்சுட்டு மறுபடி ஏறுறான்னு வெச்சுக்கோங்க. "எங்கடா போயிட்ட?"ன்னு மொத்த பஸ்ஸும் கேட்கும். சிகிச்சையைவிடக் கஷ்டமான கட்டம் இதுதான். அதே ரூம், அதே கேங், அதே ட்ரீட்!

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம், மீண்டு வரும் மாணவர்களுக்கு 1988-லேயே தனி விடுதி ஒதுக்கியது. நம்ம ஹாஸ்டல்ல அந்த வேலையை ரூம்மேட்தான் பார்க்கணும்.

பர்த்டே பார்ட்டியை பிரியாணிக் கடைக்கு மாத்துங்க. அவன் கதையை நீங்க ஊருக்குச் சொல்லாதீங்க. "ஒரு தடவைதானே மச்சி"ன்னு யாராவது ஆரம்பிச்சா, டீ குடிக்கப்போற சாக்குல அவனைக் கிளப்பிடுங்க. செக்கப் நாளில் கூடப் போங்க. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு.

ஒருவேளை சறுக்கிட்டா? திட்டாதீங்க, மறைக்கவும் உதவாதீங்க. அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வலி மாத்திரை, ஹெராயின் மாதிரியானவற்றை நிறுத்தின பிறகு உடம்பின் தாங்குதிறன் குறைஞ்சிடும். பழைய அளவே உயிரைப் பறிக்கலாம்.

'சிகிச்சைக்குப் போனா கேஸ் போடுவாங்களோ'ங்கிற பயத்துல தள்ளிப்போடுறவங்க இருக்காங்க. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (1985) பிரிவு 64-ஏ அவங்களுக்கானது. பயன்படுத்தியது, சிறிய அளவு வைத்திருந்தது போன்ற குற்றங்களில், தானா முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டுட்டா அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம்.

போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனசு பாரமா இருந்தா, 24 மணி நேரமும் டெலி மனாஸ்: 14416.