தலைமை உறுப்புகளின் உறவு: ஈரல் நோயும் இயக்குநீர்களும்

மனித உடலை ஓர் அரசாக உருவகித்துக் காண்பது முஸ்லிம் மருத்துவ அறிஞர்களின் மரபு. அவ்வரசில் ஆளும் உறுப்புகள் உண்டு. அவற்றுக்கு ஏவல் செய்யும் உறுப்புகளும் உண்டு. இப்னு சீனா (கி.பி. 980–1037) தமது ‘அல்கானூன் ஃபித் திப்’ என்னும் பெருநூலின் முதற்பகுதியில் ஆளும் உறுப்புகளை ‘அல்அஃளாஉர் ரயீஸா’ (தலைமை உறுப்புகள்) என்று பெயரிட்டு வகைப்படுத்துகிறார். தனிமனிதன் உயிர்வாழ இன்றியமையாதவை இதயம், மூளை, ஈரல் ஆகிய மூன்று. மனித இனம் நிலைபெறுவதற்கோ இம்மூன்றோடு நான்காவதாக விரைகளும் வேண்டும். யூனானி மருத்துவம் பயில்வோர் இன்றும் இப்பகுப்பைப் பாடமாகக் கற்கின்றனர்.

இப்பகுப்பின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. ஜாலீனூஸின் நூல்களை ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய மாணாக்கர்களும் அரபு மொழிக்குக் கொண்டுவந்தனர். அவ்வழியே வந்த செய்தியை இப்னு சீனா ஒழுங்குபடுத்திச் செப்பம் செய்தார். உணவைப் பக்குவப்படுத்தித் தரும் இரைப்பை ஈரலின் பணியாள். ஈரல் ஆக்கியதை உடலெங்கும் கொண்டு செல்லும் நாளங்களும் அதன் பணியாட்களே. குடலிலிருந்து ஈரலுக்குள் நுழையும் பெருநாளத்தை அரபு மருத்துவர்கள் ‘பாப்’, அதாவது வாயில் என்று அழைத்தனர். விரைகளைப் பற்றி அவர் கூறும் ஒரு குறிப்பும் கருதத்தக்கது. அவை வித்தை உண்டாக்குவதோடு நிற்பதில்லை. ஆணுக்குரிய தோற்றமும் இயல்பும் நிறைவு பெறுவதற்கும் அவை துணை செய்கின்றன என்கிறார்.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஓருடலில் நான்கு தலைமைகள் உண்டெனில், அவற்றுள் ஒன்று தளரும்போது மற்றொன்றுக்கு நேர்வது என்ன? குறிப்பாக, ஈரல் நலிந்தால் நான்காவது உறுப்பும் அது காக்கும் ஆண்மைத் தோற்றமும் என்னாகும்? இதற்குத் தெளிவான விடை காண ஏறத்தாழ 900 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

விடையின் முதற்பகுதி 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கிடைத்தது. பெர்த்தோல்டு என்பவர் சேவல்களின் விரைகளை அகற்றினார். அவற்றின் கொண்டை சுருங்கியது. விரையை நரம்புத் தொடர்பின்றி வயிற்றினுள் மீண்டும் பொருத்தியபோது கொண்டையும் கூவலும் திரும்பின. விரைகளின் ஆணை குருதி வழியே செல்கிறது என்பது இதனால் விளங்கியது. அதே காலத்தில் பாரிஸில் குளோட் பெர்னார்டு, ஈரல் சர்க்கரையைத் தானே உண்டாக்கிக் குருதியில் விடுவதை 1848இல் கண்டறிந்தார். அதனை விளக்க அவர் கையாண்ட ‘உட்சுரப்பு’ என்னும் சொல்லே பின்னாளில் ஒரு தனித்துறைக்குப் பெயராயிற்று. ‘ஹார்மோன்’ என்னும் சொல்லை ஸ்டார்லிங் 1905இல் வழங்கினார். உட்சுரப்பு என்னும் சொல் முதலில் ஈரலைச் சுட்டவே பிறந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர்.

இரண்டாம் பகுதிக்கு உரியவர் பெர்ன்ஹார்டு சோன்டெக். நாஜி ஆட்சியால் ஜெர்மனியை விட்டு வெளியேறிப் பின்னர் ஜெரூசலத்தில் பணியாற்றிய யூத மருத்துவர் அவர். பெண்மை இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனை ஈரல் செயலிழக்கச் செய்கிறது என்பதை 1934இல் அவர் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் கிளாஸ், எட்மண்ட்சன், சோல் ஆகிய மூவரும் ஈரல் சுருக்க நோயுற்ற ஆண்களின் சிறுநீரை ஆராய்ந்து, அதில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருப்பதை 1940இல் வெளியிட்டனர். இந்நோயாளிகளுள் சிலருக்கு மார்பு பருத்தல், உடல் மயிர் உதிர்தல், விரைகள் சிறுத்தல் ஆகியவை ஏன் உண்டாகின்றன என்பதற்கு அறிவியல் விளக்கம் பிறந்தது.

பிந்தைய ஆய்வுகள் அவ்விளக்கத்தைத் திருத்தி விரித்தன. நலிந்த ஈரல் ஈஸ்ட்ரோஜனை அழிக்கத் தவறுவது மட்டுமே காரணமன்று. வாயில் நாளத்தின் குருதி ஈரலுக்குள் நுழைய இயலாமல் பக்கவழிகளில் பாய்கிறது. ஈரல் கைப்பற்றியிருக்க வேண்டிய ஆண்மை இயக்குநீர்களின் ஒரு பகுதி கொழுப்புத் திசுவிலும் பிற இடங்களிலும் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. எஞ்சிய டெஸ்டோஸ்டிரோனையும் குருதியில் மிகுந்துவிட்ட ஒரு புரதம் பற்றிக்கொள்வதால் உடலுக்குப் பயன்படும் அளவு குறைகிறது. மூளையடிச் சுரப்பியின் தூண்டுதலும் தளர்கிறது. உள்ளங்கைச் சிவப்பும், மார்பின் மேற்பகுதியில் சிலந்திக் கால்களைப் போல் விரியும் சிறு நாளங்களும் இம்மாற்றங்களோடு தொடர்புடைய அடையாளங்கள். பெண்களுக்கோ மாதவிடாய் ஒழுங்கு குலைகிறது அல்லது நின்றுவிடுகிறது, கருத்தரித்தல் அரிதாகிறது.

பால் இயக்குநீர்களோடு இது முடிவதில்லை. கணையம் சுரக்கும் இன்சுலினில் ஏறத்தாழப் பாதியை ஈரல் முதற்சுற்றிலேயே நீக்கிவிடுகிறது. அவ்வொழுங்கு கெடும்போது நீரிழிவு தோன்றக்கூடும். கழுத்துச் சுரப்பியான தைராய்டின் நீரைச் செயல்திறன் மிக்க வடிவமாக மாற்றுவதிலும், வைட்டமின் டியை அடுத்த நிலைக்கு உயர்த்துவதிலும், வளர்ச்சி இயக்குநீரின் கட்டளையை நிறைவேற்றுவதிலும் ஈரலுக்குப் பெரும்பங்கு உண்டு. உப்பையும் நீரையும் உடலில் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் மிகுவதே வயிற்றில் நீர் கோத்தலுக்குரிய காரணங்களுள் ஒன்று. தலைமை உறுப்பு என்று முன்னோர் சூட்டிய பெயருக்கு ஈரல் இன்று வேறொரு வகையில் உரிமை பெற்று நிற்கிறது.

இவ்வரலாற்றை முஸ்லிம் உலகம் ஏட்டில் மட்டும் பயிலவில்லை, உடலாலும் அனுபவித்தது. எகிப்தை நோக்குவோம். கெய்ரோவின் கஸ்ருல் ஐனி மருத்துவமனையில் 1851இல் பிணப் பரிசோதனை நிகழ்த்திய தியோடர் பில்ஹார்ஸ், மனிதக் குருதியில் வாழும் ஒரு புழுவைக் கண்டார். அவர் கண்ட இடம் அரபு மருத்துவர் ‘வாயில்’ என்றழைத்த அதே நாளம். நைல் நதியின் கால்வாய் நீரில் இறங்கி உழைத்த உழவர்களின் ஈரலை இப்புழு நோய் தலைமுறை தலைமுறையாகக் கெடுத்தது. வளர்ச்சி குன்றி, பருவமெய்தத் தாமதித்த சிறுவர்களையும் அந்நாட்டு மருத்துவர்கள் கண்டனர். பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் 1977இல் மறைந்ததும் இந்நோய் விளைத்த ஈரல் கேட்டினாலேயே.

புழுவை ஒழிக்க 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை ஊர்தோறும் ஊசி மருந்து செலுத்தப்பட்டது. சரிவரத் தூய்மை செய்யப்படாத ஊசிகள் வழியே ஹெபடைடிஸ் சி என்னும் மற்றொரு ஈரல் நோய் பரவியது. 2008ஆம் ஆண்டு ஆய்வின்படி 15 முதல் 59 வயது வரையுள்ள எகிப்தியருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் இக்கிருமிக்கு ஆட்பட்டிருந்தனர். இக்கிருமி உள்ளோரிடையே நீரிழிவும் மிகுதி. நன்மை நாடிச் செய்த செயலால் விளைந்த இத்தீங்கை அந்நாடு மறைக்கவில்லை. 2014 முதல் புதிய மருந்தைக் குறைந்த விலைக்குப் பெற்று வழங்கியது. 2018–19இல் ஏறத்தாழ 5 கோடி மக்களைப் பரிசோதித்தது. 2023இல் உலக சுகாதார நிறுவனம், நோயை ஒழிக்கும் பாதையில் ‘தங்கநிலை’ எட்டிய முதல் நாடாக எகிப்தை அறிவித்தது.

நோயைச் சொல்ல நாணாததால் ஒரு நாடு மீண்டது. தனிமனிதரோ நாணத்தால் நலிகின்றனர். மார்பு பருத்த ஆண், அதை மனைவியிடமும் மருத்துவரிடமும் மறைக்கிறார். வயிற்று நீரை வடிக்கத் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன் மருந்தும் இதே பக்கவிளைவை உண்டாக்கக்கூடும். மாற்று மருந்து கேட்கக் கூசித் தாமாகவே அதை நிறுத்தி விடுவோர் மீண்டும் நீர் கோத்து அவதியுறுகின்றனர். பிள்ளைப்பேறு இல்லாமைக்கு மனைவி மட்டுமே பழி சுமக்கிறாள். ஈரல் சுருங்கியது என்றாலே மது என்று எண்ணும் பழக்கமும் நம்மிடையே உண்டு. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள், நீரிழிவோடும் உடற்பருமனோடும் வரும் ஈரல் கொழுப்பு, பரம்பரைக் குறைகள் எனக் காரணங்கள் பலவாயிருக்க, மதுவைத் தொட்டே அறியாத ஒருவர் மீது ஐயம் கொள்வது மார்க்கம் கண்டிக்கும் தவறான எண்ணமாகும்.

ஹயா எனும் நாணம் ஈமானின் கிளை. எனினும் அறிவைத் தேடுவதற்கு நாணத்தைத் தடையாக்கிக் கொள்ளாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டியதையும் நாம் அறிவோம். ஹைளு, நிஃபாஸ், குளிப்பு ஆகியவற்றைத் தயக்கமின்றிப் பேசும் ஃபிக்ஹு நூல்களைக் கற்று வளர்ந்த சமுதாயத்துக்கு இது புதிய பாடமன்று.

இயக்குநீர்களை இப்னு சீனா முன்பே கண்டறிந்துவிட்டார் என்று நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. அவர் அறியாததை அவர் மீது ஏற்றுவது அவருக்குப் பெருமை சேர்க்காது. ஈரலையும் விரைகளையும் ஒரே தலைமை வரிசையில் வைத்து, உடலுறுப்பு எதையும் வெட்கத்துக்குரியதாக ஒதுக்காமல் ஆராய்ந்தாரே, அதுவே நாம் கைக்கொள்ள வேண்டிய மரபு. ஈரல் மாற்று அறுவை பெற்ற ஆண்கள் பலருக்குக் குன்றிய டெஸ்டோஸ்டிரோன் மீண்டும் உயர்வதை இன்றைய மருத்துவம் காண்கிறது. ஒரு தலைமை நலம் பெறின் மற்றொன்றும் தழைக்கிறது. மறைத்து வைத்த நோய்க்கு மட்டும் அந்த வாய்ப்பு கிட்டுவதில்லை.