பிரைமர்க் கிண்ணத்தின் தடிமன்

தோட்டாவின் அடியில், பித்தளைக் கூட்டின் நடுவே பதிந்திருக்கும் சிறு உலோகக் கிண்ணமே பிரைமர் எனப்படுவது. துப்பாக்கியின் ஊசி அதை நசுக்கியவுடன் உள்ளிருக்கும் கலவை தீப்பற்ற, அத்தீ கூட்டின் அடித்துளை வழியே பாய்ந்து வெடிமருந்தை எரிக்கிறது. சுட்ட கூட்டிலிருந்து பழைய பிரைமரை நீக்கிப் புதியதைப் பதித்து, மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்தும் மறுநிரப்பல், அமெரிக்காவில் ஒன்றரை நூற்றாண்டாக வழங்கிவரும் கைவேலை. அங்கு விற்கும் பிரைமர்களில் சிறு கைத்துப்பாக்கி வகையும் சிறு ரைஃபிள் வகையும் 0.175 அங்குல விட்டம் கொண்டவை; உயரமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் ஒன்றன் குழியில் மற்றது தடையின்றி அமரும். அப்படியிருந்தும் அவை தனித்தனியே செய்யப்படுவதன் காரணம் கிண்ணத் தகட்டில் இருக்கிறது: ஊசியின் அடிக்கு நெகிழ வேண்டும், உள்ளிருந்து எழும் வாயுவின் அழுத்தத்துக்கு நெகிழக் கூடாது என்ற ஒன்றுக்கொன்று முரணான இரு கடமைகள் அத்தகட்டின்மீது படிப்படியாக ஏற்றப்பட்டன.

அடித்தால் தீப்பற்றும் பொருளைப் பற்றிய அறிவு 1800இல் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த பாதரச ஃபல்மினேட் குறித்த கட்டுரையால் பரவியது. அக்காலத் துப்பாக்கிகள் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் இயங்கியவை; கல் எஃகில் உரசி, வெளிக் கிண்ணியிலிருந்த மருந்து பற்றி, அது உள்ளே சென்று சேரும் வரையிலான கண நேரத் தாமதத்தில், புகையைக் கண்ட பறவை பறந்துவிடும். ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் பெல்ஹெல்வி என்ற ஊரில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத், பறவை வேட்டையில் நாட்டம் உள்ளவர். இக்குறையைத் தீர்க்க முனைந்து, சுத்தியலின் அடியால் வெடிக்கும் பொருளைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். போர்க்களத்தின் தேவையைவிட வேட்டைக்காரரின் எரிச்சலே இக்கண்டுபிடிப்பைத் தூண்டியது என்பது துப்பாக்கி வரலாற்றில் அடிக்கடி மறக்கப்படும் செய்தி. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அக்கலவை செப்புத் தொப்பிக்குள் அடைக்கப்பட்டுக் கேப்பு ஆயிற்று. அதை முதலில் செய்தவர் தாமே என்று பலர் உரிமை கோரினர். இங்கிலாந்தில் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் குடியேறிய ஓவியர் ஜோஷுவா ஷா அவர்களுள் பெயர் பெற்றவர்.

படைகள் கேப்பை ஏற்கத் தயங்கின. அத்தயக்கத்தின் விலையைச் செலுத்தியோரில் சென்னை மாகாணப் படையினரும் உண்டு. முதல் அபினிப் போரின்போது, 1841 மே மாத இறுதியில், சீனாவின் கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி ஊரார் திரண்டெழுந்த வேளையில், சென்னை 37ஆம் காலாட்படைப் பிரிவின் கம்பெனி ஒன்று பெருமழையில் மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோய், மருந்து நனைந்த சக்கிமுக்கித் துப்பாக்கிகளால் சுட வழியின்றிச் சூழ்ந்துகொள்ளப்பட்டது. கேப்புத் துப்பாக்கி ஏந்திய மரீன் படையினர் தேடிச் சென்று அவர்களை மீட்டனர். ஆங்கிலேயர் இந்நிகழ்ச்சியைக் கேப்பின் பெருமைக்குச் சான்றாகக் கூறினர். சீனரோ அதே நாளை அந்நியரை ஊர்மக்கள் எதிர்த்து நின்ற வெற்றியாகப் போற்றுகின்றனர்.

தொப்பி துப்பாக்கியிலிருந்து தோட்டாவுக்குள் குடியேறியபோது மறுநிரப்பலின் கதை தொடங்குகிறது. தோட்டாவின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே கலவையை அடைத்த வகையைச் சுட்ட பின் எறிவதைத் தவிர வழியில்லை. 1866ஆம் ஆண்டில் நடுவில் தனிப் பிரைமர் கொண்ட இரு அமைப்புகள் தோன்றின. கலவை நசுங்குவதற்கு எதிர்ப்புறத்தில் தாங்கி நிற்கும் முனையைப் பட்டடை என்பர். அமெரிக்கரான ஹைரம் பெர்டன் அதைக் கூட்டோடு ஒன்றாகச் செய்து பக்கத்துக்கொன்றாகத் தீத்துளைகளை வைத்தார். இங்கிலாந்தின் உல்விச் படைக்கலச் சாலையைச் சேர்ந்த எட்வர்ட் பாக்சர் பட்டடையைப் பிரைமருக்குள்ளேயே வைத்ததால் கூட்டின் நடுவில் ஒரு துளையே போதுமானதாயிற்று. அந்த ஒற்றைத் துளை வழியே ஊசியைச் செலுத்திப் பழைய பிரைமரை ஒரு தட்டில் வெளியேற்றலாம் என்பதால், கூட்டைக் காத்து வைத்துத் திரும்ப நிரப்பும் அமெரிக்கர் ஆங்கிலேயரின் அமைப்பைக் கைக்கொண்டனர். ஐரோப்பியப் படைகளோ பெரும்பாலும் அமெரிக்கரின் அமைப்பிலேயே தங்கிவிட்டன. 1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் எருமை வேட்டையாடியவர்கள் முகாமிலேயே தோட்டா நிரப்பினர். 1884இல் ஜான் பார்லோ நிறுவிய ஐடியல் நிறுவனத்தின் இடுக்கி வடிவக் கருவி அவ்வேலையை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது.

கரிமருந்தின் காலம் வரை கிண்ணத்தின் தடிமன் பெரிய சிக்கலாகவில்லை. 1884இல் பிரான்சில் பால் வியேய் புகையற்ற மருந்தை உருவாக்கியபின் கூட்டுக்குள் எழும் அழுத்தம் பெரிதும் உயர்ந்தது. அதோடு வேறொரு கேடும் வெளிப்பட்டது: கரிமருந்தின் மிகுந்த கசடோடு கலந்து போயிருந்த பிரைமர்க் கலவையின் பாதரசம் இப்போது பித்தளையில் ஊறி அதை நொறுங்கச் செய்ததால், அத்தகைய கூட்டைத் திரும்ப நிரப்ப இயலாமற் போயிற்று. பாதரசத்துக்கு மாற்றாக வந்த குளோரேட் கலவை கூட்டைக் காப்பாற்றிக் குழலைக் கெடுத்தது; அது எரிந்தபின் எஞ்சும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைத்தது. 1920களின் இறுதியில் ஜெர்மனியில் வெளிவந்த சினாக்சிட் என்னும் ஈயச் சேர்மக் கலவையின் வழிவந்தவையே இன்றைய பிரைமர்கள்.

கைத்துப்பாக்கியின் ஊசி மென்மையாக அடிக்கும்; .38 ஸ்பெஷல் தோட்டாவின் உச்ச அழுத்தமும் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டுதான். ஆகவே அதன் கிண்ணம் ஏறத்தாழ 0.017 அங்குலத் தகட்டால் ஆனது. .223 ரெமிங்டன் ரைஃபிள் தோட்டாவிலோ அழுத்தம் 55,000 பவுண்டை எட்டும். அதற்குரிய சிறு ரைஃபிள் கிண்ணம் செய்வோரைப் பொறுத்து 0.020 முதல் 0.025 அங்குலம் வரை தடித்திருக்கும், கலவையும் பொதுவாக வீரியம் கூடியது. மெல்லியதை ரைஃபிளில் இட்டால் கிண்ணம் துளைபட்டு வெப்ப வாயு பின்னோக்கிச் சீறும். தடித்ததைக் கைத்துப்பாக்கியில் இட்டால் ஊசி அடித்தும் தோட்டா வெடிக்காமற் போகலாம். இரண்டு பிழைகளுள் முன்னதே கொடியது. பின்னதையும் எளிதாகக் கொள்ள இயலாது, ஏனெனில் வீரியம் கூடிய கலவை அழுத்தத்தையும் கூட்டக்கூடும்.

இந்த எல்லைக்கோடு சில இடங்களில் தெளிவற்றது. 1930களில் பரவிய .22 ஹார்னெட் ரைஃபிள் தோட்டாவின் கூடு மிகச் சிறியது. அதில் மென்மையான கைத்துப்பாக்கிப் பிரைமரே குறி தவறாமைக்கு உதவுகிறது என்று மறுநிரப்புவோர் பலர் கண்டனர். 1960களில் எம்-16 ரைஃபிள் வேறொரு திசையில் பாடம் புகட்டிற்று: தளர்வாக அசையும் அதன் ஊசி, தோட்டாவை உள்ளே தள்ளும் வேகத்திலேயே பிரைமரை இலேசாகத் தட்டிவிடுவதால், விசை இழுக்காமலே வெடித்த சம்பவங்கள் நேர்ந்து, ஊசியின் எடை குறைக்கப்பட்டது, படைத் தோட்டாவின் பிரைமர் எளிதில் வெடித்துவிடாதபடியும் வரையறுக்கப்பட்டது. 1980களில் சுழல் துப்பாக்கிக்கென விற்பனைக்கு வந்த .454 காசுல் தோட்டாவின் அழுத்தம் 65,000 பவுண்டு வரை செல்வதால், கையில் பிடித்துச் சுடும் அந்த ஆயுதத்தின் தோட்டாவுக்கு உரியதாகச் சிறு ரைஃபிள் பிரைமரே அமைந்தது.